எம்டன் நகரில் அட்மிரல் தோர்ன்லி உண்ட சோறு

2009ஆம் ஆண்டு ஆடி அமாவாசை அன்று, நண்பகல் கடந்து பத்து நிமிடமானபோது, நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பே இறந்து புதைக்கப்பட்டிருந்த ஆங்கிலக் கடற்படைத் தளபதி சேர் ஹியூபர்ட் தோர்ன்லி, ஜெர்மனியின் எம்டன் நகரில் விமலநாதனுடைய வீட்டுச் சமையலறையில் அமர்ந்து, அந்நாளுக்கென்றே சமைக்கும் காத்தோட்டிக்காய்ப் பொரியலுடன் சோறு உண்டார். அப்போது அவருக்கு வயது பதின்மூன்று. பொற்பொத்தான் பதித்த நீலச் சட்டையிலிருந்து உப்புநீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவரோடு கடலும் கணுக்கால் அளவுக்கு வந்திருந்தது. வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. கீழே, இரண்டாம் மாடியில் வசித்த யான்சன் அம்மையாரின் கூரையில் ஒரு துளிகூடக் கசியவில்லை. மாலை நான்கு மணிக்கு நீர் தானாக வற்றியது. மேசைக் கால்களில் படிந்திருந்த உப்பை விமலநாதனின் மனைவி பாலாம்பிகை ஈரத்துணியால் துடைத்தெடுத்தார்.

எம்டன், பெருக்கு நேரத்தில் கடலைவிடத் தாழ்ந்து கிடக்கும் ஊர். அணைக்கட்டுகளும் மதகுகளும் இல்லாவிட்டால் அதன் சந்தைச் சதுக்கத்தில் மீன்கள் விலை கேட்கும் என்று அங்குள்ளவர்களே சொல்லிச் சிரிப்பார்கள். அந்த ஊரின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று 1914இல் சென்னைமீது குண்டு வீசிய நாள் முதல், தமிழில் எம்டன் என்பது பொல்லாதவனைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் சிறுவயதில் அச்சொல்லால் வையப்பட்ட விமலநாதன், அகதி விண்ணப்பம் ஏற்கப்பட்டபின் அதே பெயருள்ள ஊரில் குடியமர்த்தப்பட்டார். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்து, எண்பது பேருக்கு உலை வைக்கும் கை என்று பெயரெடுத்தார். ஊரில் எல்லாரும் மாலையில் அணைக்கட்டின்மேல் உலாவப் போவார்கள். அவர் ஒருநாளும் போனதில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. 1986இல், அவருக்குப் பதினைந்து வயதானபோது, தந்தை அருளம்பலத்தோடு மாதகல் கரையிலிருந்து இந்தியாவுக்குப் படகேறினார். நடுக்கடலில் படகு கவிழ்ந்தது. தந்தையும் மகனும் ஒரே பலகையைப் பற்றிக்கொண்டு விடியும்வரை கிடந்தார்கள். விடிந்தபின் சாம்பல்நிறக் கப்பல் ஒன்று அருகே வந்தது. மேல்தட்டில் நின்றவர்கள் இவர்களைப் பார்த்தார்கள். கப்பல் நிற்கவில்லை. அது கிளப்பிய அலையில் பலகை புரண்டபோது தந்தையின் கை நழுவியது. அன்று மாலை மீனவர்கள் மகனை மட்டும் தூக்கியெடுத்தார்கள். இந்த நிகழ்ச்சியை விமலநாதன் வாழ்வில் ஒரே ஒருமுறை, அகதி விசாரணையில், அரைமணி நேரம் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதை ஒரே வரியாக்கினார். அதிகாரி அந்த வரியின் கீழே கோடிட்டார்.

உடல் கிடைக்காதவருக்குத் திதி இல்லை. ஆகையால் தந்தையை இழந்தவர்கள் யாவரும் விரதம் காக்கும் ஆடி அமாவாசையே அருளம்பலத்துக்கும் உரிய நாளாயிற்று. படமும் இல்லாததால், பல ஆண்டுகள் ஒரு விளக்கை ஏற்றி அதன்முன் படைத்துவந்தார்கள். 2009இல் ஊரிலிருந்த தமக்கை, பழைய அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்த படம் ஒன்றைத் தபாலில் அனுப்பினார். அதற்கேற்ற சட்டம் தேடி, விமலநாதன் நகரமன்றத்தின் முன் கூடும் பழம்பொருள் சந்தைக்குப் போனார். நல்ல தேக்குச் சட்டம் ஒன்று கிடைத்தது. உள்ளே கடற்படை உடையில் ஒரு வெள்ளைக்காரச் சிறுவனின் படம் இருந்தது. இவ்வளவு பழைய படத்தில் இருப்பவர் இப்போது உயிரோடு இருக்க மாட்டார் என்று எண்ணினார். இறந்தவரின் படத்தைக் குப்பையில் போடலாகாது என்பது அவர் வளர்ந்த வீட்டின் கட்டுப்பாடு. எனவே அதை எடுக்காமல், அதன்மேலேயே தந்தையின் படத்தை வைத்து, கண்ணாடியைப் பொருத்தி ஆணியடித்தார். அன்பினால் செய்த பிழைதான். ஆனால் பிழைகள் எதற்காகச் செய்யப்பட்டோம் என்று பார்ப்பதில்லை.

விருந்தினர் உண்டுவிட்டுப் போன அன்று மாலையே அவருக்கு விளங்கிவிட்டது. சட்டத்தைக் கழற்றினார். உப்புநீர் ஊறி, இரண்டு படங்களும் ஒன்றாக ஒட்டிப்போயிருந்தன. ஒன்றை உரித்தால் மற்றது கிழியும். பின்படத்தின் முதுகில் மையால் எழுதியிருந்த பெயரையும் 1905 என்ற ஆண்டையும் வாசித்துவிட்டு, பழையபடி ஆணியடித்தார். அடுத்த ஆண்டு, தந்தையின் முகத்தைப் படி எடுத்து வேறு சட்டத்தில் வைத்துப் படைத்துப் பார்த்தார்கள். அந்தப் படத்தின்முன் வைத்த சோறு ஆவி பறக்காமலே ஆறியது. காகத்துக்காக வெளிமாடத்தில் வைத்த பிடியை அவ்வூரில் காகத்தின் கடமையைப் பார்க்கும் கடற்பறவைகள்கூடத் தொடவில்லை. துரையோ வழக்கம்போல் வந்து, பழைய படத்தின்முன் அமர்ந்தார். துரை என்பது பாலாம்பிகை அவருக்கு இட்ட பெயர்.

அவர் ஆண்டுக்கு ஒருமுறை வந்தாலும், அவருடைய வாழ்க்கை வேகமாக நடந்துகொண்டிருந்தது. இரண்டாம் வருகையில் அரும்பு மீசையோடு பயிற்சி அலுவலராக வந்தார். நான்காம் வருகையில் லெப்டினன்டாகி, திருகோணமலை வெயிலில் முகம் கறுத்து, எம்டன் கப்பலைத் தேடிக் கடலெல்லாம் அலைந்த களைப்போடு வந்தார். யன்னலுக்கு வெளியே பேருந்துத் தரிப்பிடத்தில் எழுதியிருந்த ஊர்ப்பெயரைப் படித்துவிட்டு, அன்று மட்டும் சிரித்தார். ஐந்தாம் ஆண்டு, இதே வடகடலில் நடந்த பெரும் போரிலிருந்து, புருவம் கருகி வந்து, கை நடுங்கியதால் பாயசத்தை நெஞ்சில் ஊற்றிக்கொண்டார். பாலாம்பிகை துவாய் கொடுத்தார். பின்னர் அமைதிக் காலம். மால்ட்டா, சீனத்து ஆறுகள், ஒரு திருமணம், கப்டன் பதவி எல்லாம் நான்கைந்து வாழையிலைகளுக்குள் முடிந்தன. சட்டைக் கையில் பொன்வரி ஏற ஏற, அவர் குறைவாக உண்டார். 2019இல் அட்மிரலாக வந்தார். 2020இல் ஓய்வுபெற்று, கம்பளிச் சட்டையும் ரோசாச் செடி வெட்டும் கத்தரியுமாக வந்தார். கொள்ளைநோய்க் காலமாதலால் ஒரு வீட்டில் இரண்டு குடும்பங்களுக்கு மேல் கூடக்கூடாதென்று விதி இருந்தது. துரையைத் தனிக் குடும்பமாகக் கணக்கிடலாம் என்று தேனுஜா தீர்ப்புச் சொன்னாள். அவள் அவர்களின் ஒரே மகள். அந்த ஆண்டு தரை ஈரமானதே தவிர, கடல் வரவில்லை. பாலாம்பிகை அப்பாடா என்று மூச்சுவிட்டார். விட்டிருக்கக் கூடாது.

2021இல் அட்மிரல் மீண்டும் சீருடையில் வந்தார். இரண்டாம் உலகப் போர் அவரைத் தோட்டத்திலிருந்து அழைத்துவந்திருந்தது. சரக்குக் கப்பல் கூட்டங்களை அத்திலாந்திக் கடலினூடே காவல்செய்து கொண்டுபோவது அவருடைய பணி. நீர் முழங்கால் வரை ஏறிற்று. மறு ஆண்டு தொடை வரை. அதற்கு மறு ஆண்டு இடுப்பளவு நின்றது, கறுப்பாகவும் குளிராகவும். அவர் உண்டுகொண்டிருக்கையில், குளியலறைப் பக்கமிருந்து சின்னஞ்சிறு விசில்களின் ஒலி கேட்டது. ஒன்றல்ல, பல. கதவைத் திறந்தபோது அங்கே குளியல் தொட்டியைத் தவிர எதுவுமில்லை. விசில்கள் தொட்டிக்குள்ளிருந்து வந்தன.

அந்த ஒலி தேனுஜாவை விடவில்லை. அவள் பான் நகரப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். தோர்ன்லி கடைசிக் காலத்தில் வாழ்ந்த ஆங்கிலக் கரையோரப் பட்டணத்தின் நூலகத்துக்கு எழுதி, 1961ஆம் ஆண்டின் இரங்கற் குறிப்பொன்றை வரவழைத்தாள். 2024ஆம் ஆண்டு ஆனி மாதம், ஒரு ஞாயிறு காலை, தொலைபேசியில் பெற்றோரை அழைத்தாள்.

"அப்பா, துரை என்ன செய்தவரெண்டு அறிஞ்சிட்டன். நாப்பத்திரண்டாம் ஆண்டு கார்த்திகையிலை, அவற்றை கூட்டத்திலை ஒரு கப்பலை நீர்மூழ்கி அடிச்சிட்டுது. எழுபத்துநாலு பேர் தண்ணிக்குள்ளை. அரைவாசிப்பேர் கரி அள்ளுற வங்காளியள். துரை ஒரு கப்பலையும் நிக்க விடேல்லை. நிண்டால் மற்றக் கப்பலுகளையும் நீர்மூழ்கி அடிக்குமெண்டு சொல்லி அவையளை விட்டிட்டுப் போனவராம். மிச்சம் முப்பத்தொன்பது கப்பலும் கரை சேந்ததாம். பதக்கம் குடுத்தவையாம்."

"விசில்?" என்று பாலாம்பிகை கேட்டார்.

"மிதக்கிற சட்டையிலை கட்டியிருக்கிற விசிலம்மா. ஆரும் வந்து தூக்கட்டுமெண்டு ஊதுறது."

பாலாம்பிகை அடுப்பை அணைத்தார். பிறகு, "அந்தாளுக்கோ நான் பதினைஞ்சு வருசமா வடை சுட்டனான்?" என்றார்.

கணக்கு எளிதாக இருந்தது. துரையின் வாழ்க்கை இவ்வாண்டு ஆடி அமாவாசைக்கு அந்தக் கார்த்திகையை எட்டும். நீர் இடுப்போடு நிற்காது. தனியாகவும் வராது. அன்று முதல் பாலாம்பிகைக்குச் சோறு இறங்கவில்லை. ஊரில் குண்டுவீச்சுக் காலத்தில் செய்ததுபோல, கடவுச்சீட்டுகளையும் வீட்டு ஒப்பந்தத்தையும் மகளின் சான்றிதழ்களையும் நெகிழிப் பையில் சுற்றி அலுமாரியின் உச்சியில் கட்டிவைத்தார். தண்ணீர்க் குழாயைத் திறக்குமுன் காதை வைத்துக் கேட்டார்.

"என்னப்பா, இந்தமுறை வேண்டாம்," என்றார் கணவரிடம். "வீட்டைப் பூட்டிப்போட்டுப் பிள்ளையிட்டைப் போவம். ஒரு வருசம் படைக்காட்டி ஒண்டும் நடவாது."

"ஐயா பதினைஞ்சு வருசமாப் பட்டினி," என்றார் விமலநாதன். "படைக்கிற சோத்தைத் துரை திண்டிட்டுப் போறார். ஐயா எங்கையோ தண்ணிக்குள்ளை நிண்டு பாத்துக்கொண்டிருப்பார். நான் கதவைப் பூட்டிப்போட்டு வர ஏலாது."

"அப்ப படத்தைக் கிழியுங்கோ."

"ரெண்டு முகமும் போகுமே."

பாலாம்பிகை அழுதார். விமலநாதனும் அச்சத்தால் ஒரு கிழமை உறங்கவில்லை. ஆனால் எட்டாம் நாள் முதியோர் இல்லத்துக்குப் போய், திருவிழாக் காலத்தில் மட்டும் எடுக்கும் இரண்டு பெரிய பானைகளை இரவலாக வாங்கி வந்தார். யாருக்கு என்று மனைவி கேட்டார். "எழுபத்துநாலு பேர். ஐயாவோடை எழுபத்தைஞ்சு," என்றார்.

"உங்களுக்கு விசரே? எங்களைக் கொண்டுபோக வாறவைக்கோ சமைக்கிறியள்?"

"பசியோடை வாறவை, பாலா. எண்பது பேரெண்டாலும் எனக்குக் கை பழக்கம். பயத்தை என்ன செய்யிறதெண்டுதான் எனக்குத் தெரியேல்லை."

 அன்று மாலை, பாலாம்பிகை உளுந்தை அளந்த சுண்டு பலமுறை மூட்டைக்குள் போய்வந்த ஓசை கேட்டது.

அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. தேனுஜா முதல்நாளே வந்திருந்தாள். பள்ளியில் நீச்சற் பதக்கம் பெற்றவள் அவள். அதைப் பெற்ற நாளில் தந்தை குளத்தங்கரைக்கு வர மறுத்துத் தெருவில் நின்றிருந்தார். பதினொரு மணிக்குச் சமையல் முடிந்தது. ஒன்பது கறிகள், வடை, பாயசம், விமானத்தில் வந்த காத்தோட்டிக்காய். பதினொன்றரைக்குக் கடல் வந்தது. கதவிடுக்கால் வரவில்லை, இருந்த இடத்திலேயே உயர்ந்தது. ஐந்து நிமிடத்தில் நெஞ்சை எட்டியது. பெரிய பானைகள் இரண்டும் மூடியோடு எழுந்து, ஓடங்களைப்போல் சமையலறையில் மெல்லச் சுற்றின. சுவரிலிருந்த படத்தின்முன் விளக்கு மட்டும் நீருக்கு ஒரு விரல் மேலே எரிந்தது. யன்னலுக்கு வெளியே கார்த் தரிப்பிடம் இல்லை. அங்கே அலையெழும்பும் கரிய நீர். அதன்மேல் மிதப்புச் சட்டைகளின் சிறு செவ்விளக்குகள் ஏறி இறங்கின. விசில்கள் நாலா பக்கமிருந்தும் வந்தன. சில ஊதிக்கொண்டிருக்கும்போதே நின்றன.

சேர் ஹியூபர்ட் தோர்ன்லி மாடத்துக் கதவின் அருகே நின்றிருந்தார். புருவத்தில் பனி உறைந்திருந்தது. அவர் இலையைப் பார்க்கவில்லை, உட்காரவுமில்லை. கைகழுவும் தொட்டியின் குழாயை, கப்பலின் அடித்தட்டுக்குக் கட்டளை சொல்லும் குழாய்போலப் பற்றிக்கொண்டு, வெளியே பார்த்தபடி நின்றார். நீர் விமலநாதனின் தாடையைத் தொட்டது. பாலாம்பிகையை மகள் தோளில் தாங்கிக்கொண்டாள்.

முப்பத்தெட்டு ஆண்டுகளாக விமலநாதன் ஒரு வாக்கியத்தைச் சேமித்து வைத்திருந்தார். நிற்காமல் போன கப்பலின் தலைவனை என்றாவது கண்டால் சொல்வதற்கு. இவன் அவனல்லன் என்பது அவருக்குத் தெரியும். எனினும் அவர் வீட்டுக்கு வந்தவன் இவன்தான். வாயைத் திறந்தார். சேமித்த வாக்கியம் அங்கே இல்லை.

"ஏன் நிக்கேல்லையெண்டு கேள், பிள்ளை."

தேனுஜா ஆங்கிலத்தில் கேட்டாள். பதினாறு ஆண்டுகளில் அட்மிரல் பேசியது அப்போதுதான். மகள் அதைத் தந்தைக்குச் சொன்னாள்: "கீழை நீர்மூழ்கி கிடந்ததாம்."

"கண்டவரோ?"

அட்மிரல் வெளியே பார்த்தபடியே மறுமொழி சொன்னார். தேனுஜாவின் குரல் தாழ்ந்தது. "காணேல்லையாம் அப்பா. இருந்துதோ இல்லையோ, இண்டைக்கும் தெரியாதாம்."

ஒரு கை வந்து மாடத்தின் கம்பியைப் பிடித்தது. கரி படிந்த நகங்கள் கொண்ட கை. பிடித்தபடி வழுக்கிக்கொண்டிருந்தது. விமலநாதன் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு, ஒரு பானையை நெஞ்சால் தள்ளிக்கொண்டு அட்மிரலின் முன் கொண்டுபோய் மூடியைத் திறந்தார். ஆவி எழுந்தது.

"சோறு கிடக்கெண்டு சொல்லு. எழுபத்தைஞ்சு பேருக்குக் காணுமெண்டு சொல்லு. இனி எங்கை ஓடுறது? இது வீடு."

மகள் சொன்னாள். அட்மிரல் பானைக்குள் பார்த்தார். ஐம்பது வயது முகத்தில் அந்தப் பதின்மூன்று வயது முகம் ஒரு கணம் தெரிந்தது. பசித்த முகம். அவர் குழாயின் அருகே குனிந்து இரண்டு சொற்கள் சொன்னார். எஞ்சின்களை நிறுத்து என்பது அவற்றின் பொருள்.

வீடு நின்றது. பதினாறு ஆண்டுகளாக அது போய்க்கொண்டிருந்தது என்பது நின்றபின்தான் அவர்களுக்குத் தெரிந்தது. பாத்திரங்கள் ஒருமுறை முன்னே சரிந்து அடங்கின. ஓர் அதிர்வு இல்லாமற்போயிற்று. விசில்களும் ஓய்ந்தன. அந்த அமைதியில் நால்வரும் கீழிருந்து வரப்போகும் நீர்மூழ்கியின் அடிக்காகக் காத்திருந்தார்கள். அட்மிரல் கண்ணை மூடிக்கொண்டார். விமலநாதன் மனைவியின் கையை எட்டிப் பிடித்தார். நழுவாதபடி விரல்களைக் கோத்துப் பிடித்தார்.

கீழிருந்து தட்டிற்று. ஒருமுறை, பலமாக. பிறகு இரண்டுமுறை.

அது யான்சன் அம்மையாரின் துடைப்பக் கட்டை. ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் இவ்வளவு தளபாடத்தை இழுப்பது வீட்டு விதிகளுக்கு முரண் என்று அவர் மாடிப்படியில் நின்று உரத்துச் சொன்னதும் கேட்டது. வேறெதுவும் வெடிக்கவில்லை. அட்மிரல் கண்ணைத் திறந்து, மாடத்துக் கதவைத் தாமே திறந்து, முதற்கையைப் பற்றி உள்ளே இழுத்தார்.

எழுபத்துநான்கு பேரையும் ஏற்றி முடிக்க முக்கால் மணி நேரமாயிற்று. ஆள் ஏற ஏற நீர் இறங்கியது. அவர்கள் அறைகளிலும் நடையிலும் மாடிப்படியிலும் வரிசையாக அமர்ந்தார்கள். இலை போதாமல் போக, பாலாம்பிகை காகிதத் தட்டுகளை எடுத்தார். வடை எல்லாருக்கும் ஒழுங்காகப் போய்ச்சேர்ந்தது. முறையிட வந்த யான்சன் அம்மையார், ஆறாம் படியில் ஈரமாக அமர்ந்திருந்த மாலுமியைக் கண்டார். அந்த அம்மையாரின் தந்தையும் அதே போரில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அவர் ஒன்றும் கேளாமல் இறங்கிப்போய், அவ்வூர் வழக்கப்படி கற்கண்டு போட்ட தேநீரைப் பெரிய கெண்டியில் கொண்டுவந்தார்.

கடைசியாக ஏறியவருக்கு மிதப்புச் சட்டை இல்லை. நாலுமுழ வேட்டி கட்டியிருந்தார். அருளம்பலத்துக்கு வயது நாற்பத்தெட்டு. மகனுக்கு ஐம்பத்துமூன்று. தந்தையைவிட நரைத்த மகன், படத்தின்முன் விரித்திருந்த இலையில் அவரை இருத்தி, சோற்றைப் போட்டு, எதிரே குந்தினார்.  அருளம்பலம் காத்தோட்டிக்காயோடு ஒரு பிடி குழைத்து வாயில் இட்டார். மென்றார். முப்பத்தெட்டு ஆண்டுகள் கடலில் கிடந்தவர், நிமிர்ந்து பார்த்து, "தம்பி, உப்புக் காணாது," என்றார்.

விமலநாதன் எழுந்துபோய் உப்பு எடுத்து வந்தார்.

நான்கு மணிக்கு எல்லாரும் போனார்கள். சட்டத்தைக் கழற்றியபோது, படங்கள் இரண்டும் நன்கு காய்ந்து, தனித்தனியே கழன்று கையில் வந்தன. இனி எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம் என்று தேனுஜா சொன்னாள். விமலநாதன் சற்று யோசித்துவிட்டு, முன்போலவே ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஆணியடித்தார். மறு ஆண்டு அட்மிரல் ஒரு மணி நேரம் முன்னதாக, சீருடை இல்லாமல், முழங்கை வரை சட்டையை மடித்துக்கொண்டு வந்தார். பரிமாறினார். எழுபத்தைந்து பேரும் உண்டபின் கடைசி இலையில் தாம் உண்டார். இப்போது ஆடி அமாவாசைக்கு முதல்நாள், ஈரச் சப்பாத்துகளைப் படியின் இடப்பக்கம் மட்டும் கழற்றிவைக்கவும் என்ற அறிவித்தலை வீட்டுக் காவலர் வாசலில் ஒட்டிவிடுகிறார். பாலாம்பிகை பானைகளை இரவல் கேட்பதில்லை. சொந்தமாக இரண்டு வாங்கிவிட்டார். உப்பை முன்பைவிட ஒரு கரண்டி கூடப் போடுகிறார்.